மீன்தோலில் கைப்பை செய்து விற்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். சால்மன் மீனின் தோலில் செய்த கைப்பை ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள், அதன் செதில் வரிகளில் மனம் சிக்கிவிட்டது. மணிபர்ஸ், பெல்ட், கைப்பை என்று சிறிய அளவில் செய்து விற்கலாமா என யோசிக்கிறீர்கள். நாறுமா, கிழியுமா, சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்களே அது உண்மையா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: "என் பெயர் பொறித்து விற்கும் பொருள் மூன்று வருடம் கழித்து என்னைத் தலைகுனிய வைக்குமா?" அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். பத்து ஆண்டுகள் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அதன்பின் சொந்தமாகச் சிறு தோல்பொருள் பட்டறை நடத்துகிறேன். மீன்தோலைத் தொடர்ந்து கையாளத் தொடங்கி எட்டு வருடம் ஆகிறது. என் அறிவு வெட்டும் மேசையைச் சுற்றியும் ஊறல் தொட்டியைச் சுற்றியும்தான். சந்தை, விளம்பரம், விலை நிர்ணயம் ஆகியவற்றில் என் பேச்சை நம்பி எதையும் செய்துவிடாதீர்கள்.

முதலில், இது உண்மையான தோல்தானா என்ற ஐயம். உண்மையான தோல்தான். இயற்கையான நார் அமைப்பு பெரும்பாலும் குலையாமல், அழுகாதபடி பதனிடப்பட்ட விலங்குத் தோல் எதுவோ அதுவே லெதர் என்பது தோல் துறைச் சொற்களுக்கான ஐஎஸ்ஓ 15115 தரத்தின் சாரம். மேலே பூசும் பூச்சு 0.15 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. மாட்டுத்தோலுக்கும் ஆட்டுத்தோலுக்கும் உள்ள கொலாஜன் என்ற அதே புரத நார்தான் மீன்தோலிலும் இருக்கிறது. அன்னாசி இலை, காளான் ஆகியவற்றிலிருந்து வரும் மாற்றுப் பொருள்களோடு இதை ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார்கள், அது பிழை. அவை தோலுக்கு மாற்றாக வந்தவை, இதுவோ தோலே. உயிரினப் பொருளே வேண்டாம் என்பவருக்கு இதை விற்க முடியாது. மாடு, பன்றித் தோல்களை மட்டும் சமய நம்பிக்கையால் தவிர்ப்பவருக்கு இது ஏற்புடையதாக இருக்கலாம்.

கொலாஜன் ஒன்றுதான் என்றாலும், வெப்பத்தின் முன் அது நடந்துகொள்ளும் விதம் வேறு. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதன்முதலில் முப்பது பச்சைத் தோல்கள் கைக்கு வந்தபோது, ஆட்டுத்தோல் வேலையில் பழகிய கை, உப்பைக் கழுவ வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்தது. ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டிக்குள் கைவிட்டேன். தோலின் ஓரங்கள் சுருண்டு, விரலுக்குக் கூழாகத் தட்டுப்பட்டன. நடுப்பகுதி ரப்பர்போல் தடித்துக் குறுகியிருந்தது. தண்ணீர் விரல்களுக்கிடையே பிசின் மாதிரி ஒட்டியது. மீன்பசை காய்ச்சுவது எப்படி என்று யாராவது கேட்டிருந்தால் அந்தத் தொட்டியைக் காட்டியிருக்கலாம். முப்பதும் வீண்.

காரணம் இதுதான். கொலாஜனின் மூவிழைச் சுருள் கட்டுக்குலையாமல் நிற்க ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் பெரிதும் உதவுகிறது. குளிர்கடல் மீன்களில் அது குறைவு. மாட்டின் பச்சைத் தோல் சுருங்கச் சுமார் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். காட் போன்ற மீனின் தோலுக்கு 40 டிகிரிக்கு அருகிலேயே அது நடந்துவிடும். சுருங்கும் அளவுக்குச் சூடு ஏறாவிட்டாலும், வெதுவெதுப்பில் கிருமிகள் வேகமாகப் பெருகி நார்களைத் தின்னத் தொடங்கும். திலாப்பியா, நைல் பெர்ச் போன்ற வெப்பமண்டல நன்னீர் மீன்களின் தோல் சற்றுக் கூடுதல் சூட்டைத் தாங்கும். ஆகவே பதனிடும் வேலையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கும் ஆசை இருந்தால், ஊறலிலிருந்து சுண்ணாம்பு வரை எல்லாமே குளிர்ந்த நீரில் நடக்க வேண்டும். என் யோசனையைக் கேட்டால் அந்த ஆசையைத் தள்ளிவையுங்கள். பதனிட்ட தோலை வாங்கிப் பொருள் செய்வதே உங்கள் தொழிலாக இருக்கட்டும்.

நாற்றத்துக்கு வருகிறேன். நன்றாகப் பதனிட்ட மீன்தோலில் மீன்வாடை இருக்காது. சாதாரணத் தோல் வாசனைதான் வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீன்வாடைக்கு இரண்டு வேர்கள். ஒன்று, கடல்மீனின் உடலில் உள்ள ஒரு சேர்மத்தைக் கிருமிகள் உடைப்பதால் உண்டாகும் டிரைமெத்திலமீன். அது நீரில் கரையும், ஆவியாகும், கழுவும்போதும் அமிலத்தில் ஊறவைக்கும்போதும் போய்விடும். இன்னொன்று, தோலுக்குள் தங்கிவிட்ட மீன்கொழுப்பு. தொல்லை தருவது இதுதான். சால்மன் கொழுப்பு மிகுந்த மீன். பதனிடும் முன் கொழுப்பைச் சரியாக நீக்காவிட்டால், கொடுக்கும்போது வாடை இல்லாத தோல் ஆறு மாதம் அலமாரியில் இருந்தபின் சிக்கெடுத்த எண்ணெய்போல் வீசும். அதனால் வாங்கியவுடன் முகர்ந்து பார்ப்பதில் பயன் இல்லை. ஒரு துண்டை ஈரத்துணியில் சுற்றி, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் போட்டு, ஒரு நாள் முழுக்க வெயில் படும் ஜன்னலோரம் வைத்துவிட்டுத் திறந்து முகருங்கள். அப்போது வாடை இல்லை என்றால் கவலை வேண்டாம். இருந்தால் அந்தத் தோலைத் திருப்பி அனுப்புங்கள். வாசனைத் தைலம் பூசி மறைக்கப் பார்க்காதீர்கள், வாடிக்கையாளர் வீட்டில் அது மீண்டும் எழும்பும்.

கிழியுமா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. "மாட்டுத்தோலைவிடப் பல மடங்கு வலிமை" என்ற விளம்பர வரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் உண்மையும் இருக்கிறது, மறைத்த பாதியும் இருக்கிறது. மீன்தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் நார்கள் பாய் முடைந்ததுபோல் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஓர் அடுக்கு இடமாகச் சாய்ந்தால் அடுத்தது வலமாகச் சாயும். நீந்தும்போது உடல் வளைந்து நிமிர வேண்டும், அதே சமயம் தோல் கிழியக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மாட்டுத்தோலை அரை மில்லிமீட்டராகச் சீவினால் அதன் நார்ப்பின்னல் நடுவில் அறுபட்டு வலிமையின் பெரும்பகுதி போய்விடும். மீன்தோலுக்கோ அந்த அரை மில்லிமீட்டர்தான் முழுத் தடிமன், பின்னல் அறுபடாமல் அப்படியே இருக்கிறது. ஆகவே ஒரே தடிமனில் ஒப்பிட்டால் மீன்தோல் உறுதியானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நிஜப் பொருளில் நாம் ஒரே தடிமனில் ஒப்பிடுவதில்லை என்பதுதான் மறைத்த பாதி. ஒன்றரை மில்லிமீட்டர் மாட்டுத்தோல் வாருக்குப் பதில் ஒற்றைச் சால்மன் தோலை வாராகப் போட்டால் அது நீண்டு, முறுக்கி, தையலருகே தளர்ந்துவிடும். பையின் கைப்பிடி, பெல்ட்டின் அடித்தட்டு, தோளில் மாட்டும் பட்டை ஆகியவற்றில் பாரத்தைத் தாங்க வேறொரு பொருள் உள்ளே இருக்கட்டும். மீன்தோல் மேலே இருக்கட்டும்.

கிழிவதைவிட நான் அதிகம் கவலைப்படுவது தேய்வதைப் பற்றித்தான். ஒரு சால்மன் தோலைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கமாக விரலை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது வாலிலிருந்து தலைக்கு ஓட்டுங்கள். நூற்றுக்கணக்கான சின்னஞ்சிறு உதடுகள் நகத்தில் தட்டும். செதில்களை நீக்கியபின் அவை செருகியிருந்த பைகள் தோலில் அப்படியே நிற்கின்றன, அந்தப் பைகளின் விளிம்புகள்தாம் அவை. நகத்தால் மெல்லத் தூக்கினால் ஒவ்வொன்றும் திறக்கும். நடுவில் நெடுக ஒரு கோடு ஓடுவதையும் பார்க்கலாம். நீரின் அசைவை மீன் உணரப் பயன்பட்ட பக்கக்கோடு அது. பதனிட்டுச் சாயமேற்றிய பிறகும் மறையாது. என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் கோட்டைத்தான், ஏனென்றால் வெட்டும்போது எது முதுகு, எது வயிறு என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். முதுகுப்பகுதி இறுக்கமானது. வயிற்றுப்பகுதி மெல்லியது, இழுத்தால் நீளும். இரண்டையும் ஒரே பொருளின் ஒரே முகத்தில் யோசிக்காமல் சேர்த்தால் ஒரு மாதத்தில் ஒரு பக்கம் தொய்ந்துவிடும்.

செதில் பைகளின் உதடுகள் எந்தத் திசையில் அடிக்கடி உராய்வு வருகிறதோ அதற்கு எதிர்முகமாக நின்றால் சீக்கிரம் பிய்ந்து நூல்போல் தொங்கும். கால்சட்டைப் பைக்குள் நுழைத்து எடுக்கும் மணிபர்ஸில் தலைப்பக்கம் முதலில் உள்ளே போகுமாறு வெட்டுங்கள். மீன் நீரைக் கிழித்துக்கொண்டு போன அதே திசை. கைப்பையின் அடிப்பக்க மூலைகளில் மீன்தோலை வைக்காதீர்கள், அந்த நான்கு மூலைகளுக்கும் ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ போடுங்கள். என்னிடம் பழுதுபார்க்க வந்த மீன்தோல் பைகளில் பெரும்பாலானவை மூலை தேய்ந்துதான் வந்தன. தையல் பிரிந்து வந்தவை குறைவு, நடுத்தோல் கிழிந்து வந்தது ஒன்றுகூட இல்லை.

எந்த மீன் என்பதைப் பொறுத்து இவை எல்லாம் மாறும். சால்மனின் செதில் வரி நெருக்கமானது, மென்மையானது, சிறு பொருள்களுக்கு ஏற்றது. காட் தோலில் ஒரே துண்டிலேயே சில இடம் வழவழப்பும் சில இடம் சொரசொரப்பும் கலந்திருக்கும். ஓநாய்மீனின் தோலில் செதில் வரியே தெரியாது. கரும்புள்ளிகளோடு கண்ணாடிபோல் இருக்கும், தேய்மானத்துக்கு நன்றாக நிற்கும். நைல் பெர்ச் தோல் பெரியது, தடிமனானது, அதன் செதில் பைகள் அகன்று எழும்பி நிற்பவை, பார்த்தவுடன் கண்ணை இழுக்கும். அமேசான் படுகையின் பிரருக்கு என்ற மீனின் தோல் எல்லாவற்றிலும் பெரியது. ஒரு மீனின் தோலிலேயே கைப்பையின் ஒரு முகம் முழுவதையும் வெட்டிவிடலாம். சால்மனிலோ ஒரு பக்கத் துண்டு முன்கை நீளமும் உள்ளங்கையைவிடச் சற்றே கூடிய அகலமும்தான் தேறும், வாலருகே குறுகிப்போகும். உங்கள் வடிவமைப்பு முதலில் மல்லுக்கட்ட வேண்டியது இந்த அகலத்தோடுதான். பெரிய பை ஒன்றை வரைந்துவிட்டு, அதற்கேற்பத் தோல்களை ஒட்டுப்போட்டு நிரப்பினால், ஒட்டுப்போட்டது என்றுதான் தெரியும். இணைப்புக் கோடுகளையே அழகாக்கும்படி, தோலின் அகலத்தை அளவுகோலாக வைத்து வரையத் தொடங்குங்கள்.

திருக்கைத் தோலைப் பற்றியும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரியில் அடங்காது, அது தனி உலகம். திருக்கைக்கும் சுறாவுக்கும் இருப்பவை சாதாரணச் செதில்கள் அல்ல, பல்லைப் போன்ற அமைப்புடைய நுண்மணிகள். உள்ளே பல்திசு, மேலே எனாமல் போன்ற கடினப் படலம். ஜப்பானிய வாள்களின் கைப்பிடியில் திருக்கைத் தோலைச் சுற்றியதற்குக் காரணம் அதன் பிடிமானம். 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் ழான்-குளோத் கலுஷா என்ற கைவினைஞர் அந்த மணிகளைத் தேய்த்துச் சமன்செய்து, சாயமேற்றி, பெட்டிகளிலும் உறைகளிலும் ஒட்டினார். அவர் பெயராலேயே பிரெஞ்சில் அதற்கு இன்றும் கலுஷா என்று பெயர். ஆங்கிலம் பேசுவோர் ஷாக்ரீன் என்பார்கள். அந்தச் சொல் முதலில் குதிரை, கழுதை ஆகியவற்றின் பின்புறத் தோலில் விதைகளை அழுத்திப் புள்ளியிட்டுச் செய்த தோலைக் குறித்தது. புள்ளி ஒன்றுபோல் இருந்ததால் பெயர் மீனுக்குத் தாவிவிட்டது. தேய்மானத்தில் திருக்கையை மிஞ்சும் தோலை நான் கண்டதில்லை. ஆனால் தையல் ஊசி மணியில் பட்டால் ஒடியும். தைக்கும் கோடு நெடுக மணிகளைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ஊசியை இறக்க வேண்டும். தொடக்கத்தில் இதற்குள் போகாதீர்கள்.

"விலாங்குத் தோல்" என்று விற்கும் மெத்தென்ற, பளபளப்பான, நீளப் பட்டைகளாகத் தைத்த மணிபர்ஸ்களையும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் மிகப் பல விலாங்கே அல்ல. தாடையில்லாத, சளி சுரக்கும் ஹாக்மீனின் தோல். கொரியாவில் அதன் இறைச்சியை உண்கிறார்கள், தோல் பொருள்களும் அங்கிருந்தே பெருமளவு வந்தன. 1980களில் இந்த மணிபர்ஸ் வங்கி அட்டைகளின் காந்தப் பட்டையை அழித்துவிடுகிறது, விலாங்கின் மின்சாரம் தோலில் மிஞ்சியிருக்கிறது என்றெல்லாம் அமெரிக்காவில் வதந்தி கிளம்பியது. செத்த தோலில் மின்சாரம் ஏது? மணிபர்ஸை மூடப் பொருத்தியிருந்த காந்தப் பொத்தான்களே அதற்கு ஏற்ற விளக்கம். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மீனின் சரியான பெயரைச் சொல்லாமல் விற்றால் எந்தக் கதையும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் பொருளின் அட்டையில் மீனின் பெயரைத் தெளிவாக அச்சிடுங்கள்.

மீன்தோல் புதிய கண்டுபிடிப்பு என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். ரஷ்ய-சீன எல்லையில் ஓடும் ஆமூர் ஆற்றங்கரையின் நானாய் மக்களும், சீனப் பக்கத்தில் ஹெஜெ என்று அழைக்கப்படும் அவர்களின் இனத்தாரும் மீன்தோலில் அங்கிகளே தைத்து உடுத்தினார்கள். ஹெஜெ பெண்கள் காய்ந்த தோலில் சோளமாவைத் தூவி எண்ணெயை உறிஞ்சவைத்து, மரப்பொறியில் வைத்து அடித்து அடித்துத் துணிபோல் மென்மையாக்குவார்கள். அந்தக் கைவினை 2006இல் சீனாவின் தேசிய மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அலாஸ்காவின் பழங்குடியினர் மீன்தோலில் பைகளும் மழையங்கிகளும் செய்தார்கள். ஐஸ்லாந்தில் மீன்தோல் காலணி சீக்கிரம் தேயும் என்பதால், ஒரு மேட்டுநிலத்தைக் கடக்க எத்தனை சோடி தேயும் என்று தூரத்தையே காலணிக் கணக்கில் சொன்னார்கள். மேலே நான் எழுதிய தேய்மானக் கவலைக்கு அதைவிடப் பழைய சாட்சி கிடைக்காது. வட ஜப்பானின் பழங்குடியினரான ஐனு மக்கள் சால்மன் தோல் பூட்ஸ் தைக்கும்போது மீனின் முதுகுத் துடுப்பு உள்ளங்காலில் வருமாறு வைப்பார்கள், பனியில் வழுக்காமல் அது பற்றிக்கொள்ளும். தோலின் குறையென்று நாம் வெட்டி எறியும் இடத்தை அவர்கள் உபயோகமாக்கிய அந்த அறிவைப் பார்த்து நான் ஒரு நாள் முழுக்க வேலை ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். 1930களில் இத்தாலியின் காலணி வடிவமைப்பாளர் சால்வத்தோரே ஃபெராகாமோவும் மீன்தோலில் காலணிகள் செய்திருக்கிறார். அதன்பின் இது பலமுறை நாகரிகமாகி, பலமுறை மறக்கப்பட்டிருக்கிறது.

இனி நீங்கள் அதிகம் அழுத்திக் கேட்டிருக்கும் சுற்றுச்சூழல். உலக உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி 2022இல் பிடித்ததும் வளர்த்ததுமாக 18.5 கோடி டன் நீர்வாழ் விலங்குகள் உற்பத்தியாகின. அவற்றில் உண்பதற்காகத் துண்டு போடும் மீன்களின் தோல் உணவுத் தொழிலின் உபரி. தோலுக்காக யாரும் சால்மனை வளர்ப்பதில்லை. உரோமம் இல்லாததால் அதை நீக்கும் வேலையும் அதன் கழிவும் மிச்சம். இவை உறுதி. "இல்லாவிட்டால் குப்பைக்குப் போயிருக்கும்" என்ற வரியில்தான் எனக்குத் தயக்கம். மீன்தோலுக்கு இன்று பல வாசல்கள் திறந்திருக்கின்றன. ஜெலட்டின், கொலாஜன் தூள், மீன்தூள், வளர்ப்பு விலங்குத் தீவனம் என்று போகிறது. ஐஸ்லாந்தின் கெரெசிஸ் நிறுவனம் காட் தோலைப் புண்களை ஆற்றும் மருத்துவப் பொருளாக்கி வளர்ந்தது, 2023இல் டென்மார்க்கின் கொலோபிளாஸ்ட் அதை வாங்கியது. ஆகவே ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலையின் தோல் குப்பைக்குப் போயிருக்குமா, தீவனத்துக்குப் போயிருக்குமா என்பது அந்த இடத்தைப் பொறுத்தது. விற்பவரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்.

சிங்கமீன் இன்னொரு எடுத்துக்காட்டு. இந்திய, பசிபிக் பெருங்கடல்களுக்கு உரிய அந்த மீன் கரீபியன் கடலிலும் அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையிலும் ஊடுருவி, அங்குள்ள பவளத்திட்டுகளின் சிறு மீன்களை ஏராளமாகத் தின்கிறது. அதைப் பிடித்துத் தோலாக்கி விற்கிறார்கள். பிடிப்பது நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் கைப்பைகளுக்கான தேவை அந்தக் கடல் முழுவதிலும் அதன் எண்ணிக்கையைக் குறைத்துவிடும் என்று பேசுவது மிகை. ஆழமான நீரில் அவை ஏராளம், பெரும்பாலும் முக்குளித்து ஒவ்வொன்றாகத்தான் ஈட்டியால் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசும்போது பதனிடும் முறையை யாரும் கேட்பதில்லை. மீன் எங்கிருந்து வந்தது என்பதற்கு இணையாக அதையும் கேட்க வேண்டும். குரோமியம் உப்பில் பதனிட்டால் மென்மையும் சாயப் பிடிப்பும் நன்றாக வரும். வேலம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரத் துவர்ப்பில் பதனிட்டால் சற்று விறைப்பும் மண்ணிறச் சாயலும் வரும், அதிலும் கழிவுநீர் உண்டு, அதையும் சுத்திகரித்துத்தான் விட வேண்டும். எனக்குத் தாவரப் பதனிடலே பிடிக்கும், அதற்குக் காரணம் பெரும்பாலும் என் கண்ணும் கையும்தான். குரோமியத்தில் ஒரு குறிப்பான எச்சரிக்கை மட்டும் சொல்லியாக வேண்டும். பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம், தோலில் தங்கிய நிறைவுறாக் கொழுப்பு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும்போது, ஒவ்வாமையும் புற்றுநோய் அபாயமும் உள்ள அறுஇணைதிற வடிவத்துக்கு மாறக்கூடும். மீன்கொழுப்பு அத்தகைய கொழுப்புதான். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல், சருமத்தில் படும் தோல்பொருள்களில் இது கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக் கூடாது என்று வரம்பிட்டிருக்கிறது. கொழுப்பு நீக்காத தோல் நாற்றத்தோடு நிற்பதில்லை என்பது இப்போது புரியும். குரோமியத் தோல் வாங்கினால் அந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அறிக்கை இல்லை என்றால் கைக்கடிகாரப் பட்டைக்கு அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

சட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தைக் கண்ணும் கருத்துமாகப் பாருங்கள். சால்மன், காட், திலாப்பியா, நைல் பெர்ச் ஆகியவற்றில் தொல்லை குறைவு. பிரருக்கு மீன், அழியும் உயிரினங்களின் வணிகம் குறித்த சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஸ்டர்ஜன் வகைகள் அனைத்தும் 1998 முதல் அந்த உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வந்தன. சுறாக்களிலும் திருக்கைகளிலும் பட்டியலில் சேர்ந்த இனங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகின்றன. இவற்றில் செய்த சின்னச் சாவிக்கொத்தும் நாட்டின் எல்லையைத் தாண்ட உரிய அனுமதிச் சீட்டு வேண்டும். ஆகவே வாங்கும் ரசீதில் மீனின் அறிவியல் பெயர் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். எழுதித்தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

தைப்பதைப் பற்றிச் சுருக்கமாக. மீன்தோலின் பின்புறத்தில் மெல்லிய பருத்தித் துணியோ, மெலிதாகச் சீவிய ஆட்டுத்தோலோ ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நீளும் தன்மை அதோடு அடங்கும். ஓரங்களைச் சீவ வேண்டிய தேவை அரிது, மடித்துத் தைத்தாலே தடிமன் ஏறாது. வெட்டிய ஓரத்தை மாட்டுத்தோல்போல் தேய்த்துப் பளபளப்பாக்க இதில் சதை போதாது, ஆகவே மடிப்பு ஓரம்தான் நல்லது. தையல் புள்ளிகளை மிக நெருக்கமாகப் போட்டால் தபால்தலை ஓரம்போல் கிழிந்து வரும், மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்கவே கூடாது. சூடான காருக்குள் பையை விட்டுச் செல்லக் கூடாது என்பதை வாடிக்கையாளருக்கும் எழுதிக் கொடுங்கள். பதனிட்ட தோல் பச்சைத் தோலைவிட அதிகச் சூடு தாங்கும் என்றாலும், ஈரமும் சூடும் ஒருசேரப் பட்டால் சுருங்கிய இடம் திரும்ப வராது. சாராயம் கலந்த துடைப்பான்கள் சாயத்தை உரித்துவிடும், நிறமற்ற தோல் கிரீம் போதும்.

போலியைக் கண்டுபிடிக்கக் கேட்டிருந்தீர்கள். மாட்டுத்தோலிலோ பிளாஸ்டிக்கிலோ செதில் வரியை அச்சழுத்தி விற்பவர்கள் உண்டு. அச்சு என்றால் ஒரே வரிசை குறிப்பிட்ட தூரத்தில் அப்படியே திரும்ப வரும், நகம் வைத்தால் செதில் பை திறக்காது. உண்மைத் தோலில் செதில் பைகள் வாலை நோக்கிப் போகப்போகச் சிறுத்துக்கொண்டே போகும், ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. பாம்புத்தோலோடு குழம்புவோரும் இருக்கிறார்கள். பாம்பின் செதில் தோலின் மடிப்பாகவே தொங்கும், மீன்தோலில் செதில் போய் அதன் வெற்றுப் பை மட்டும் இருக்கும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், பத்துத் தாவரப் பதனீட்டுச் சால்மன் தோல்கள் வாங்குவேன். அவற்றில் இரண்டைச் சோதனைக்கே ஒதுக்குவேன். ஒன்றைக் குடுவைச் சோதனைக்கு வெட்டி, மற்றொன்றைத் தையலிட்டு இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்து, வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பேன். மீதி எட்டில் அட்டை செருகும் சிறு உறைகள் செய்வேன், ஒரு தோலில் ஓர் உறை, ஒட்டு இல்லாமல். அவற்றில் நான்கை, பொருளை முரட்டுத்தனமாகப் பயன்படுத்தும் நான்கு பேரிடம் இலவசமாகக் கொடுத்து ஆறு மாதம் கழித்துத் திரும்ப வாங்கி, ஓரங்களைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் முதல் கைப்பைக்குக் கத்தி எடுப்பேன். அந்த நான்கு உறைகளும் திரும்பி வரும்போது எந்த இடத்தில் தேய்ந்திருக்கின்றன என்று எனக்கும் எழுதுங்கள், தோல் எந்த மீனுடையது என்பதையும் சேர்த்து.